ஹெச்டிபிஇ தொட்டி உறை கிழிந்தால் ஒட்டவேண்டாம், வெல்டிங் செய்யுங்கள்

சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் தொழிற்சாலையின் மழைநீர்த் தொட்டியை மூடும் கறுப்பு ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) உறை கிழிந்துபோனது. கடையில் கிடைக்கும் சாதாரணப் பசைகள் பாலிஎத்திலீனில் நிற்பதில்லை. வெல்டிங்தான், அதாவது சூட்டில் உருக்கி இணைப்பதுதான், நம்பகமான வழி. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறந்த மிதக்கும் சூரிய மின் நிலையத்தின் மிதவைகளும் ஹெச்டிபிஇதான். வெயிலையும் தண்ணீரையும் அப்படித் தாங்கும் பொருளை அரைகுறையாகப் பழுதுபார்க்கக் கூடாது.

1. ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மூழ்கினால் அது பெரும்பாலும் பிவிசி, இந்த முறை வேண்டாம். மிதந்தால் தொடரலாம்.

2. ஒட்டுத்துண்டும் கறுப்பு ஹெச்டிபிஇயாகவே இருக்கட்டும். அதிலுள்ள 2-3 சதவீதக் கரித்தூள்தான் புறஊதாக் கதிரைத் தடுக்கிறது. கிழிசலைச் சுற்றி 10 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, மூலைகளை வளைவாக வெட்டுங்கள்.

3. சுரண்டல். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். வெயில் பட்ட மேல்தோல் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். அதன்மேல் உருக்கி அழுத்தினால் நன்றாகப் பிடித்ததுபோலத் தெரியும், ஆறியதும் நகத்தால் நெம்பினாலே பட்டையாக உரிந்து வந்துவிடும். பளபளப்பு முழுக்கப் போகும்வரை உறையையும் ஒட்டுத்துண்டின் அடிப்பக்கத்தையும் சுரண்டுங்கள். மணல்தாளைவிடச் சுரண்டுகத்தி மேல்; தாள் தூளைத் திரும்ப உள்ளே தேய்த்துவிடும். சுரண்டிய இடத்தில் கை படக்கூடாது, உடனே வெல்டிங்கைத் தொடங்கிவிட வேண்டும்.

4. காலையிலேயே வேலையை முடியுங்கள். வெப்பம் 30 டிகிரி ஏறினால் 10 மீட்டர் உறை ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளும். நண்பகலில் சுருக்கம் சுருக்கமாக எழும்பி நிற்கும்.

5. தட்டை முனை பொருத்திய ஹீட் கன்னில் (சூடான காற்றை ஊதும் கருவி) 300 டிகிரி செல்சியஸ் அளவில் தொடங்கி, முதலில் கழிவுத்துண்டில் சோதியுங்கள். வெப்பநிலையை எண்ணில் காட்டாத ஹீட் கன்னை வாங்காதீர்கள். புகை வந்தால் சூடு அதிகம். சூட்டுக்குப் பின்னாலேயே சிலிக்கான் ரோலரை அழுத்தி உருட்டிக்கொண்டே போகவேண்டும். ஆறியதும் சோதனைத் துண்டை இழுங்கள்: ஒட்டு விடாமல் தகடு நீண்டால் சரி.

உறைமேல் ஏறி நிற்காதீர்கள், கீழே தண்ணீர்.

பின்சேர்க்கை: உள்ளே துணிவலை தெரிகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது பெரும்பாலும் பிவிசி பூசிய தார்ப்பாய். அளவுமீறிச் சூடாக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அதற்குப் பிவிசி பசையே போதும். அப்புறம், உறை தொய்ந்து மேலே மழைநீர் தேங்குகிறது என்றார் ஒருவர். முதலில் அதை இழுத்துக் கட்டுங்கள். நம் வெப்பத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸின் முட்டை கொசுவாக ஒரு வாரமே போதும்.