கப்பலில் சிறப்பு உணவகத்திற்கு முன்பதிவு செய்வது எப்படி?

ராயல் கரீபியன் என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களில் முதன்மை உணவுக்கூடச் சாப்பாடு பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடும். சாப்ஸ் கிரில், இசுமி போன்ற சிறப்பு உணவகங்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதனுடன் 18 விழுக்காடு சேவைத்தொகையும் சேரும்.

இரவு ஏழு மணிக்கே மேசை வேண்டுமென்றால், நிறுவனத்தின் இணையதளத்தில் ‘குரூஸ் பிளானர்’ பகுதியில் முன்பே பதிவு செய்துவிடுங்கள். பயணத்துக்கு முன் விலை குறைந்தால் பழைய பதிவை ரத்து செய்து புதிய விலையில் பதியலாம் என்பதால், முந்திக்கொள்வதில் நட்டமில்லை.

சிறப்பு உணவகங்களில் எல்லா இரவுகளுக்குமான உணவுத் தொகுப்பை வாங்கியவர்கள், கப்பலில் ஏறிய கையோடு, பெட்டியை அறையில் வைப்பதற்கும் முன்பே, சிறப்பு உணவகத்துக்குச் சென்று பணியாளரிடம் ஒவ்வொரு நாளுக்கும் நேரம் குறித்துக்கொள்வது நல்லது. கலைநிகழ்ச்சி பார்க்கும் இரவுகளில், அது தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே சாப்பிட அமருங்கள்.

முன்பதிவு செய்யாதவர்கள் முதல் இரவில் கேட்டுப் பார்க்கலாம். அன்று பெரும்பாலும் கூட்டம் குறைவு.