பிற சபையாருடன் உறவு: நாம் தொடர்ந்து செய்யும் தவறுகள்

மதுரையில் என் சித்தப்பா இறந்த அன்று நாங்கள் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். சித்தி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். பிறந்த வீட்டார் நாங்கள் எல்லோரும் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையார். உடலைச் சுற்றி அமர்ந்து பெண்கள் செபமாலை சொல்லத் தொடங்கியதும், நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே பந்தலுக்கு வந்துவிட்டோம். மரியாளை நோக்கி வேண்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை. யாரும் எதிர்த்துப் பேசவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதனால் நாகரிகமாகவே நடந்துகொண்டதாக நினைத்தோம். ஒரு மாதம் கழித்துச் சித்தி கேட்டார்: "நீங்கள் மாலை சொல்ல வேண்டாமப்பா. என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாமே."

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு ஜெபத்தோடு உடன்படாதது வேறு, அதைச் சொல்லி அழுகிறவரின் அருகில் இருக்க மறுப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். மற்றவர் வீட்டு வழிபாட்டில் வாய் திறக்காமல், தலை குனிந்து, அமைதியாக உட்கார்ந்திருப்பதால் யாருடைய விசுவாசமும் கரைந்துவிடாது.

அடுத்தது மேடை. ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான ஜெப வாரம் உலகின் பல நாடுகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. நல்ல வழக்கம். ஆனால் குருவானவரும் போதகரும் ஒரே மேடையில் அமர்வதையும், ஒருவருக்கொருவர் சால்வை போர்த்துவதையும் உறவு என்று எடுத்துக்கொள்கிறோம். சி.எஸ்.ஐ.யின் நரிமேட்டுப் பேராலயத்துக்கும் கத்தோலிக்கரின் கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. இரண்டு இடத்திலும் ஞாயிறுதோறும் கூடுகிறவர்கள் ஒரே தெருவில் வசிக்கிறார்கள், ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அறுவை சிகிச்சைக்குப் போகும் காலையில் அவருக்காக ஜெபிக்கத் தோன்றாதவருக்கு ஜனவரி மேடை எதையும் கற்றுத்தராது.

சொற்களில் நேரும் தவறு சிறியதுபோலத் தெரியும். ஆனால் நிறையக் காயப்படுத்துகிறது. சி.எஸ்.ஐ.யில் ஆயர் என்றால் சபையின் போதகர். பேராயர் என்றால் திருமண்டலத்தின் தலைவர். கத்தோலிக்கத் தமிழில் ஆயர் என்பவரே மறைமாவட்டத் தலைவர்; பேராயர் அதற்கும் மேல், உயர் மறைமாவட்டத்துக்கு உரியவர். இது தெரியாமல் அழைப்பிதழ் அச்சடித்து, வந்தவரை ஒரு படி இறக்கிவிடுவது எளிது. ஞானஸ்நானமும் திருமுழுக்கும், பரிசுத்த ஆவியும் தூய ஆவியும், அப்பமும் ரசமும் பகிரும் வழிபாட்டைக் குறிக்கும் திருவிருந்தும் நற்கருணையும் அப்படித்தான். ஒரே பொருளுக்கு இரு தரப்பின் சொற்கள் இவை; ஆனால் தன் சொல்லே வேதத்தின் சொல் என்றும் மற்றது திரிபு என்றும் ஒவ்வொருவரும் நினைக்கிறோம். இரு தரப்பு அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995-இலேயே வந்துவிட்டது. அதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. கூட்டு ஜெபத்தில் ஒருவர் அதிலிருந்து வாசிக்கும்போது பழைய மொழிபெயர்ப்பைச் சொல்லித் திருத்தாமலாவது இருக்கலாம்.

வேறுபாடுகளை மூடி மறைப்பதை நான் இன்னும் பெரிய தவறாகக் கருதுகிறேன். "எல்லாம் ஒன்றுதான்" என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கிறது, கல்யாணம் என்று வந்தால் உடைந்துவிடுகிறது. கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ. சபையாரை மணக்க மறைமாவட்டத்தின் அனுமதி தேவை. பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாக அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட வேண்டும். பெண் பார்க்கும் நாளில் இதைப் பேசக் கூச்சப்பட்டு, பிள்ளை பிறந்த பிறகு இரு வீட்டாரும் பேசாமல் போன குடும்பங்களை நான் அறிவேன். அதுபோலவே, நற்கருணைக்கு எழாமல் அமர்ந்திருக்கும் விருந்தினரை "வாருங்கள், ஒன்றும் ஆகாது" என்று கையைப் பிடித்து இழுப்பதும் அன்பாகாது. அவர் மனச்சாட்சியை மதிப்பதே அன்பு.

வேறுபாட்டை ஒளிக்காமல் பேசினால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னிந்தியத் திருச்சபையே சாட்சி. 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்றுதான் சபையாக உருவெடுத்தது. இருபத்தெட்டு ஆண்டுகள்! பேராயர்கள் உள்ள ஆங்கிலிக்கர், அந்தப் பதவியே இல்லாத பிரஸ்பிட்டேரியர், சபைக்குச் சபை தானே முடிவெடுக்கும் காங்கிரகேஷனல் மரபினர், மெதடிஸ்டுகள் எனப் பலரும் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்கள். ஏற்கெனவே பணியில் இருந்த போதகர்களை மறுபடி அபிஷேகம் செய்யவில்லை. பழக்கமில்லாத வழிபாட்டு முறையை எந்தச் சபைமீதும் திணிப்பதில்லை என்று உறுதி கொடுத்தார்கள். ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து வந்த லெஸ்லி நியூபிகின் நம் மதுரை - இராமநாதபுரத்தின் முதல் பேராயரானார். அவசரப்படுகிறவர்களிடம் நான் இந்த இருபத்தெட்டு ஆண்டுகளைத்தான் சொல்வேன்.

பெந்தெகொஸ்தே சகோதரர்களோடு உள்ள உரசல் வேறு வகை. விசுவாசித்த பிறகு பெறும் முழுக்கே ஞானஸ்நானம் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்க வந்த இடத்தில், குழந்தையாக நீங்கள் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போவது உறவை வெட்டுகிறது. நம் பக்கத்திலும் தவறு உண்டு. அவர்கள் கைதட்டிப் பாடுவதைக் கூச்சல் என்கிறோம். நம் சபையில் யாரும் விசாரிக்காத விதவை அங்கே போய்ச் சேர்ந்ததும், ஆட்டைத் திருடிவிட்டார்கள் என்கிறோம். அந்த அம்மாள் வராத ஆறு மாதத்தில் நாம் எத்தனை முறை அவர் வீட்டுப் படியேறினோம்?

இத்தனையும் சொல்லிவிட்டுச் சாதியைச் சொல்லாவிட்டால் நான் எழுதியது பொய்யாகும். உபதேசம்தான் நம்மைப் பிரித்தது என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரே சபைக்குள், ஒரே உபதேசத்துக்குள், இருக்கை பிரிந்ததும் கல்லறைத் தோட்டம் பிரிந்ததும் எதனால்? 1606-இல் மதுரைக்கு வந்த கத்தோலிக்கக் குரு நொபிலி அடிகளின் மறைப்பணியில் மேல்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்களும் மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்களும் தனித்தனியே இயங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் புராட்டஸ்டண்ட் அமைப்பான அமெரிக்கன் மதுரை மிஷன், சபை ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ண வேண்டும் என்று கேட்டபோது, பலர் மறுத்து வேலையை இழந்தார்கள். இரு தரப்புக்கும் இந்தக் கணக்கு உண்டு. உங்கள் சபையில்தான் சாதி என்று மற்றவரைச் சுட்டிக்காட்டுவது வீண். தன் சபைக் குற்றத்தைத் தானே முதலில் சொல்கிறவரிடம்தான் மற்றவர் மனம் திறப்பார். என் நண்பர்களில் இப்படிப் பேசத் துணிந்த ஒருவரால்தான் நானும் எங்கள் ஊர்க் கல்லறையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

ஆலயம் தாக்கப்படும்போது மட்டும் ஒன்றுகூடுவதும் போதாது. அச்சம் சேர்த்துவைத்த கூட்டம் அச்சம் தீர்ந்ததும் கலைந்துவிடும்.

சித்தப்பா இறந்ததற்கு அடுத்த நவம்பர் 2, கல்லறைத் திருநாள். சித்தியோடு நானும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் மெழுகுவத்தி ஏற்றி, சித்தப்பாவின் ஆன்மாவுக்காக வேண்டினார். இறந்தோருக்காக வேண்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை; சுடர் அணையாமல் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். திரும்பும் வழியில், "நீ ஜெபம் பண்ணினாயா?" என்று கேட்டார்.

"உங்களுக்காகப் பண்ணினேன் சித்தி" என்றேன்.