மளிகைச் செலவைக் குறைக்க: அலகு விலை பார்த்து வாங்கும் முறை

இரண்டு பாக்கெட்டுகளில் எது மலிவு என்பதை எம்.ஆர்.பி.யை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை வருகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குச் செல்போனில் உள்ள கால்குலேட்டரே போதும்.

முதலில் நிகர எடையைத் தேடிப் படியுங்கள். பருப்பு, எண்ணெய், பிஸ்கட் போன்றவற்றைக் குறிப்பிட்ட அளவுகளில்தான் அடைத்து விற்க வேண்டும் என்றிருந்த விதி 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டதால், பார்வைக்கு ஒரு கிலோ போலத் தெரியும் பாக்கெட்டில் 850 கிராம் மட்டுமே இருக்கக்கூடும்.

அடுத்து, விலையை கிராம் எடையால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். அரை கிலோ துவரம் பருப்பு 92 ரூபாய் என்றால் கிலோ 184 ரூபாய் ஆகிறது. பக்கத்திலேயே ஒரு கிலோ பாக்கெட் 178 ரூபாய்க்கு இருந்தால் அதுவே லாபம். அதே திருத்தத்தின்படி அலகு விலையைப் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள் என்றாலும், ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் அது ஒரு கிராமுக்கான விலையாக, இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கப்பட்டு இருக்கும். மேற்சொன்ன பருப்பில் அது 0.18 ரூபாய் என்றே இருக்கும். அதை நம்பிப் பெருக்கினால் கிலோ 180 ரூபாய் என்று தவறாக வரும். ஆகவே நீங்களே வகுத்துப் பார்ப்பதுதான் சரி.

எண்ணெயில் கூடுதல் கவனம் தேவை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். 850 கிராம் பாக்கெட் 158 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாக்கெட் 165 ரூபாய்க்கும் இருந்தால் முதலாவது ஏழு ரூபாய் மலிவாகத் தோன்றும். இரண்டையும் கிலோவுக்கு மாற்றினால் முறையே 186, 181 ரூபாய் வருகிறது. உண்மையில் லிட்டர் பாக்கெட்தான் மலிவு.

கோயம்பேட்டில் மொத்தமாகக் காய்கறி வாங்குவோர், ஆட்டோ கட்டணத்தையும் சேர்த்து வகுக்க வேண்டும். அழுகி வீணாகும் காயை எடையிலிருந்து கழித்துவிட வேண்டும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் இல்லை. வண்டு விழும் ரவையை ஐந்து கிலோவாக வாங்கி வைப்பது நஷ்டம்தான்.

ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால், குடும்ப அட்டைக்குரிய அளவை முதலில் அங்கே வாங்கிவிட்டு, மீதித் தேவைக்கு மட்டும் மளிகைக் கடையில் இந்தக் கணக்கைப் போடுங்கள். பாக்கெட்டில் அச்சிட்டதைவிட எடை குறைந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.