சாரங்கேடாவில் குதிரை, கொழிஞ்சாம்பாறையில் லாயம்: தூரத்துக் குதிரை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு குதிரை கட்டியிருப்பதைப் பார்ப்பது இப்போது அபூர்வமில்லை. தத்தமங்கலம் 'அங்காடி வேலை' திருவிழாவில் குதிரை ஓட்டம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆசை அங்கேயே பிடித்துக்கொண்டது. ஆனால் மனதுக்குப் பிடித்த குதிரை பக்கத்தில் கிடைப்பதில்லை. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகலாம். அங்கேயும் அமையவில்லை என்றால் கண் வடக்கே போகிறது. மகாராஷ்டிராவில் தாபி ஆற்றங்கரையில் நடக்கும் சாரங்கேடா, ராஜஸ்தானில் புஷ்கர், பஞ்சாபில் முக்த்சர் என்று போனில் ஓடும் வீடியோக்கள் தூங்க விடாது.

குதிரை தூரத்தில் இருக்கும்போது செய்கிற தவறுகள் பெரும்பாலும் குதிரை தெரியாததால் வருவதில்லை. தூரம்தான் நம்மை அவசரப்படுத்துகிறது. என் முதல் குதிரையில் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வீடியோவில் பார்த்து, முன்பணம் அனுப்பி, லாரி பேசி, இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். நேரில் பார்த்தபோது பெட்டை அழகாகத்தான் இருந்தது. திரும்பும்போது மட்டும் முன் இடது காலைக் கொஞ்சம் சீக்கிரம் தூக்கியது. "ரெண்டு நாளா கட்டியே கிடக்கு, அதான்" என்றார் விற்பவர். ரேக்ளா மாடு வளர்த்த என் மாமா கூட இருந்தார். "மாப்ள, லாரியத் திருப்பி அனுப்பிடு. வாடகை போனாப் போகுது" என்றார். லாரி வாசலில் நிற்கிறது, முன்பணம் போய்விட்டது, வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. ஊருக்கு வந்த ஒன்பதாம் நாள் நொண்டல் வெளிப்படையாகத் தெரிந்தது. குளம்புக்குள் பழைய பாதிப்பு என்று மருத்துவர் சொன்னார்.

அதனால் முதலில் சொல்வது இதுதான்: வெறுங்கையோடு திரும்புவதற்கான பணத்தை எடுத்து வைக்காமல் கிளம்பாதீர்கள். போக்குவரத்து, தங்கும் செலவு, மருத்துவர் கட்டணம் எல்லாவற்றையும் குதிரை விலையோடு சேர்க்காமல், "பார்க்கிற செலவு" என்று தனியாக எழுதி, போனால் போகட்டும் என்று முன்பே விட்டுவிடுங்கள். லாரியைக் குதிரை முடிவான பிறகு பேசுங்கள். முதல் பயணத்தில் பார்த்துவிட்டு, இரண்டாவது பயணத்தில் ஏற்றுவது வீண் செலவாகத் தோன்றும். நொண்டிக் குதிரையை இருபது வருடம் வைத்துப் பார்ப்பதோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

வீடியோவை நம்புவது

வீடியோ பார்ப்பது தவறில்லை, விற்பவர் அனுப்பியதை மட்டும் பார்ப்பதுதான் தவறு. பாட்டுப் போட்டு, மணலில் ஆடவிட்டு எடுத்த வீடியோவில் கால் தெரியாது. மணல் நொண்டலை மறைக்கும், கெட்டித் தரை காட்டிக் கொடுக்கும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. காலையில் லாயத்திலிருந்து அவிழ்த்த உடனே, வெட்டு ஒட்டு இல்லாமல், சிமெண்ட் அல்லது தார்த் தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, கேமராவிலிருந்து விலகி நேராக ஒரு நடை, திரும்பி வரும் நடை. அப்புறம் அதே வழியில் மெல்லோட்டம். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை அசைவு தெரியாது. முன்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தலை இறங்கும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடும். நான்கு குளம்பின் அடியையும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்துக்கு டிக்கெட் போட வேண்டாம்.

உயரம் சொல்வதிலும் கவனம் வேண்டும். விற்பவர்கள் 62, 64 என்று இஞ்ச் கணக்கில் சொல்வார்கள். கழுத்தும் முதுகும் சேரும் மேட்டிலிருந்து தரைக்கு நேர்க்கோட்டில் அளப்பதுதான் சரியான அளவு. டேப்பை உடம்போடு ஒட்டி வளைத்து அளந்தால் உயரம் கூடித் தெரியும்.

பல்லும் சுழியும்

மாடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும் முன்பற்கள் எட்டு. குதிரைக்கு மேலே ஆறு, கீழே ஆறு. நடு இரண்டும் இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பல் முளைக்கும், அடுத்த இரண்டு மூன்றரையில், ஓரப்பற்கள் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு கீழ்ப்பற்களின் மேல்பரப்பில் உள்ள குழிகள் தேயத் தொடங்கும்: நடுப்பல்லில் ஆறு, அடுத்ததில் ஏழு, ஓரத்தில் எட்டு வயது என்று ஒரு தோராயக் கணக்கு. பத்து வயதை ஒட்டி மேல் ஓரப்பல்லில் ஈறை ஒட்டி ஒரு கோடு தோன்றும். பதினைந்தில் பாதிப் பல் வரை, இருபதில் நுனி வரை இறங்கும். "ஆறு வயசு" என்று சொல்லும் குதிரையின் மேல் ஓரப்பல்லில் பாதி வரை கோடு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். இந்தக் கணக்கு மருத்துவர் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

இரண்டு பல் போட்ட குட்டியை நல்ல சவாரிக் குதிரை என்று விற்பதும் உண்டு. அந்த வயதில் எலும்பு முற்றியிருக்காது. கனமான ஆளை ஏற்றி ஓட்டிய குட்டியின் மூட்டு பின்னால் கணக்குத் தீர்க்கும்.

உடம்பில் மயிர் சுழிந்திருக்கும் இடத்தை வைத்து ராசி சொல்லும் சுழி பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டிலும் பார்ப்போம். ஆனால் சுழிக்கு ஒரு மணி நேரம் செலவிட்டு, குளம்புக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்காமல் வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. பஞ்சகல்யாணி என்று முகத்திலும் நாலு காலிலும் வெள்ளை இருப்பதில் மயங்கினால், அந்தக் கால்கள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க மறந்துபோகும். சுழிக்கு இன்னொரு பயன் உண்டு, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பிறந்ததிலிருந்து மாறாத அடையாளம் அது. பதிவுச்சான்று உள்ள குதிரை என்று சொன்னால், தாளில் உள்ள சுழி, வெள்ளை, மைக்ரோசிப் எண் எல்லாவற்றையும் எதிரே நிற்கும் குதிரையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். வேறு குதிரையின் தாளோடு ஒரு குதிரை வீட்டுக்கு வந்துவிட்டால் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

விற்பவரின் மருத்துவர்

விற்பவர் அழைத்து வரும் மருத்துவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் நீங்கள் பணம் கொடுத்து, நீங்கள் தேடிப் பிடித்த மருத்துவர் பார்க்க வேண்டும். இதயம், மூச்சு, கண், பல், கால் மடக்கிப் பிடித்துப் பார்க்கும் சோதனை எல்லாம் அவர் வேலை. இரண்டு விஷயங்களை நீங்களே வற்புறுத்துங்கள்.

ஒன்று, வலி மருந்து. பினைல்பியூட்டசோன் போன்ற மருந்து கொடுத்தால் நொண்டுகிற குதிரை சில நாட்களுக்கு நேராக நடக்கும். அடங்காத குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்துச் சாதுவாகக் காட்டுவதும் நடக்கிறது. அன்றே ரத்தம் எடுத்து மருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்டாலே சில பேரங்கள் தானாக முறிந்துவிடும்.

இன்னொன்று, கிளாண்டர்ஸ். இது எங்கள் ஊர்ப் பக்கம் பலர் கேள்விப்படாத நோய், அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன். பாக்டீரியாவால் வருவது. மூக்கில் சீழ், தோலில் வரிசையாகக் கட்டிகள், காய்ச்சல் என்று வரும். சில குதிரைகளில் வெளியே எதுவும் தெரியாமல் உள்ளுக்குள் இருக்கும். குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிருக்கே ஆபத்து. குதிரைக்குத் தடுப்பூசி கிடையாது. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அறிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டும், சுற்றுவட்டாரத்தில் குதிரைப் போக்குவரத்தும் நிற்கும். பரிசோதனையில் நாட்டின் தலைமை இடம் ஹரியானாவில் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். முடிவு வர நாளாகும். அந்த நாட்களைத்தான் நாம் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறோம். பணம் முழுவதும் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பதில் பொருளில்லை. ரத்தம் எடுத்து, முடிவு வந்த பிறகு மீதிப் பணம் என்று எழுத்தில் பேசுங்கள். ஊரில் பிள்ளைகள் குதிரையைத் தொட்டுத் தடவ வருவார்கள், அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கிளம்பிய பிறகும் நீங்கள் கிளம்பாதீர்கள். லாயத்தின் ஓரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். கட்டையைக் கடித்துக் காற்றை உள்ளே இழுக்கிறதா, நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கிறதா, தீனி வைக்கும்போது கடிக்க வருகிறதா என்று அப்போதுதான் தெரியும். தீனி வைக்கும் பையனிடம் பேசுங்கள். முதலாளி சொல்லாததை அவன் சொல்வான். குதிரை என்ன தின்கிறது, எத்தனை வேளை, என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அவனிடமே எழுதி வாங்குங்கள். மார்வாரியிலோ மராத்தியிலோ அதட்டிப் பழகிய குதிரைக்கு நம் தமிழ் புரிய ஒரு மாதமாவது ஆகும்.

லாரியில் ஏற்றுவது

சாரங்கேடாவிலிருந்து எங்கள் ஊருக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல். "ரெண்டு ராத்திரி, மூணாம் நாள் காலையில வாளையார்" என்பார் லாரிக்காரர். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. கணக்குப் போட்டால் ஓட்டம் மட்டுமே 43 மணி நேரம். ஓய்வும் சேர்த்தால் நான்கைந்து நாள் பயணம். அதற்கேற்ற வாடகை பேசாமல், சீக்கிரம் கொண்டுவா என்று சொல்வது நாமே குதிரையைக் கீழே தள்ளுவதுபோல.

அதே விதிகளில் இன்னும் பல நல்ல விஷயங்கள் இருக்கின்றன: தரை வழுக்கக் கூடாது, குதிரைகளுக்கு இடையே குறைந்தது 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் வேண்டும், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் தலை இடப்பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கூட ஓர் ஆள் வர வேண்டும். பயணத்துக்குத் தகுதி என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றும் கட்டாயம். அது இல்லாமல் வழியிலும், கேரள எல்லையில் கால்நடைச் சோதனைச் சாவடியிலும் நின்றால் வெயிலில் காய்வது குதிரைதான். விற்பனைச் சீட்டில் நிறம், வயது, சுழி, விற்பவர் கையெழுத்து, அடையாள அட்டை நகல் எல்லாம் இருக்கட்டும்.

விதியில் எழுதாத ஒன்றை என் அனுபவத்தில் சொல்கிறேன். தலையை உயரக் கட்டிக்கொண்டே ஓட்டாதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வெளியேறும். மணிக்கணக்கில் நிமிர்ந்தே நின்றால் நுரையீரலில் நோய் பிடிக்கும். பயணக் காய்ச்சல் என்று சாதாரணமாகச் சொல்வார்கள், அது உயிரை எடுக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தண்ணீர் காட்டுங்கள். புது ஊர்த் தண்ணீரைக் குடிக்காது. கிளம்பும் இடத்திலிருந்தே இரண்டு கேன் பிடித்து வாருங்கள்.

இங்கே என்ன காத்திருக்கிறது

லாயம் கட்டுவதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறோம். லாடம் அடிக்கும் ஆளை யாரும் தேடுவதில்லை. எங்கள் பக்கம் ரேக்ளா மாட்டுக்கு லாடம் அடிக்கும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, லாடமும் இரண்டு துண்டு. குதிரைக் குளம்பு ஒற்றை, செதுக்கும் கோணமே வேறு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க வர ஒப்புக்கொள்ளும் ஆள், நடுராத்திரி வயிற்றுவலி என்றால் வரக்கூடிய மருத்துவர், இந்த இருவரின் எண்ணும் கையில் இல்லாமல் குதிரையை இறக்காதீர்கள். பெரிய சிக்கல் என்றால் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் வயிறு முறுக்கிக்கொண்ட குதிரைக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தின்றதெல்லாம் குடல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

தீனியில்தான் நம் பக்கத்துக்கே உரிய தவறு நடக்கிறது. மாட்டுக்கு வளர்த்த கோ-4 புல்லையும் தவிட்டையும் குதிரைக்கு அப்படியே போடுகிறோம். நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும். முகம் வீங்கும், கால் தளரும். சோளத்தட்டு, உலர்ந்த புல், அளவாகக் கொள்ளு, தாது உப்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள். மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம். அவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத்தைக் கொல்லும்.

வறண்ட ஊரில் பிறந்த குதிரைக்கு நம் புழுக்கம் புதிது. பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஜூனில் தரை ஈரமாகிவிடும். சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும். ஓடி வந்த பிறகும் உடம்பு காய்ந்து, மூச்சு மட்டும் வாங்கினால் அதுதான் அடையாளம். டிசம்பரில் வாங்கினால் பழகிக்கொள்ள மூன்று மாதம் கிடைக்கும். மே மாதத்தில் வாங்கி இறக்காதீர்கள்.

இறக்கிய அன்று கொள்ளு வைக்க வேண்டாம். தண்ணீரும், அங்கிருந்து கொண்டுவந்த உலர் தீனியும் போதும். பழைய தீனியோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள். மூன்று வாரத்துக்கு வேறு குதிரை பக்கத்தில் வரக் கூடாது, வாளியும் துணியும்கூடத் தனி. காலையும் மாலையும் உடல் வெப்பம் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். 99 முதல் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. அதைத் தாண்டினாலோ, சாணி போடாமல் அரை நாள் போனாலோ, வயிற்றைத் திரும்பிப் பார்த்துத் தரையை உதைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

என் பெட்டை இப்போதும் தோப்பில்தான் இருக்கிறது. யாரும் ஏறுவதில்லை. இரண்டாவது குதிரைக்காக நானும் மாமாவும் இரண்டு முறை வடக்கே போய் வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது முறை போனபோது ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கினோம்.