வேலூர் மொட்டை மாடியில் கடல் கணக்கு: நண்பகல் நிழலை வைத்து இடம் கண்டுபிடிப்பது

கடலில் மாலுமி செக்ஸ்டன்ட்டால் அளப்பது சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவே உள்ள கோணம். வேலூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை மறிக்கும், தொடுவானம் கிடைக்காது. ஆகவே இங்கே தூக்குக்குண்டும் நிழலும்தான். கணக்கு மாறாது.

4 அடிக்கு 2 அடி ப்ளைவுட் ஒன்றை நீளவாட்டம் தெற்கு வடக்காக இருக்கும்படி மாடியில் போட்டு, அடியில் சீட்டு செருகி ரசமட்டம் பாருங்கள். தளத்தை நம்பாதீர்கள். மழைநீர் ஓட வாட்டம் கொடுத்துத்தான் போட்டிருப்பார்கள். மீட்டருக்கு 1 செ.மீ. வாட்டம் வடக்கே இருந்தால் டிசம்பரில் விடை 20 கி.மீ. தள்ளிப்போகும்.

கெட்டி அட்டையில் 3 மி.மீ. துளையிட்டு, பலகையின் தென்கோடியில், பலகைக்குச் சரியாக 100 செ.மீ. மேலே ஒரு ஸ்டாண்டில் பொருத்துங்கள். துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு நேர் கீழே புள்ளி வையுங்கள். குச்சி நட்டால் போதாதா? போதாது. சூரியன் அரை டிகிரி அகலமுள்ள தட்டு, அதனால் குச்சி நுனியின் நிழல் ஒன்றரை செ.மீ. அளவுக்குக் கலங்கித் தெரியும். துளை வழியே விழும் ஒளிவட்டத்துக்கு நடுப்புள்ளி உண்டு, அதைக் குறிக்கலாம்.

காலை 11.30-லிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து, நேரத்தையும் எழுதுங்கள். 12.55 வரை விடாதீர்கள். தூக்குக்குண்டுப் புள்ளியிலிருந்து ஒளிவட்டத்தின் நடுவரை உள்ள தூரம்தான் நிழலின் நீளம். அது குறைந்து, சற்றே நின்று, மீண்டும் நீளும். மிகக் குறைந்த நீளம் அட்சரேகைக்கு. அந்த நேரத்தைத் தீர்க்கரேகைக்கு எடுக்காதீர்கள், ஏனென்றால் உச்சியில் பல நிமிடம் நீளம் மாறாததுபோலவே இருக்கும். முற்பகலில் ஒரு நீளம், பிற்பகலில் அதே நீளம், இரண்டு நேரத்துக்கும் நடுநேரம்: அதுதான் உண்மையான நண்பகல்.

டிசம்பர் 21-ஐ எடுத்துக்கொள்வோம். நிழல் 73.6 செ.மீ. கால்குலேட்டரில் 0.736-க்கு டான் இன்வர்ஸ் போட்டால் 36.4 டிகிரி. தலைக்கு நேர் மேலிருந்து சூரியன் அவ்வளவு சரிந்திருக்கிறது. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு 23.4 டிகிரி தெற்கே. கழித்தால் 13. வேலூரின் அட்சரேகை 12.9.

நடுநேரம் சுமார் 12.11.30 வரும். அன்று சூரியன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய 2 நிமிடம் முந்துகிறது, அதைக் கூட்டினால் 12.13.30. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குக்கு வைத்தது, டிகிரிக்கு 4 நிமிடம். பதின்மூன்றரையை 4-ஆல் வகுத்து 82.5-இல் கழியுங்கள்: தீர்க்கரேகை 79.1. கடிகாரம் ஒரு நிமிடம் தவறினால் இங்கே 27 கி.மீ. பிசகும். இந்த முந்தல் பிந்தலும் நாளுக்கு நாள் மாறும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்தும். பஞ்சாங்கம்போல அதற்கென நாட்டிகல் அல்மனாக் இருக்கிறது.

நம்மூர்க்காரர் பெரும்பாலும் இடறுவது கோடையில். ஏப்ரல் 24-ஐ ஒட்டி சூரியன் நம் தலைக்கு மேல் வந்து, ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பும்வரை நண்பகலில் வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும், பலகையையும் திருப்பிப் போட வேண்டும். ஜூன் 21-இல் நிழல் 18.6 செ.மீ., கோணம் 10.5. வடக்கே உள்ள 23.4-இலிருந்து இதைக் கழிக்க வேண்டும். மறந்து கூட்டினால் 34 டிகிரி, மாடியில் நின்றபடியே ஸ்ரீநகர் பக்கம் போய்விடுவீர்கள். உச்சி வெயில் நாட்களை ஒட்டி நிழல் திசை சரசரவென மாறும். அந்த வாரம் வேண்டாம்.

கப்பலில் இதோடு சில திருத்தங்கள் சேரும். கண் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் மூன்றரை கலை (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) தாழ்ந்து தெரியும், அதைக் கழிக்க வேண்டும். சூரியனின் கீழ்விளிம்பை அளந்தால் 16 கலை கூட்ட வேண்டும். ஒரு கலை பிசகினால் ஒரு கடல் மைல், 1.852 கி.மீ.

இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரமே ஏறக்குறைய அட்சரேகை. முடிச்சுக் கயிறு கோத்த ராப்பலகையால் நம் கரை மாலுமிகள் அளந்தது அதைத்தான். வேலூரில் அது 13 டிகிரி உயரத்தில் இருக்கும், வடக்கே மலை மறைக்காத மாடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.