ஜெர்மனி கிளம்பற வேலூர் பசங்களுக்கு: மொத மாசத்த ஓட்டறது எப்டி

காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கம் இருந்து ஜெர்மனிக்கு படிக்க போற பசங்க எல்லாரும் கேக்கற மொத கேள்வி "அண்ணா, குளுரு எப்டி, ஜாக்கெட் எங்க வாங்கறது". ஜாக்கெட்ட அங்க போய் வாங்கிக்கலாம், அந்த காத்துக்கு தாங்கற மாதிரி நம்ம கடைங்கள்ல கெடைக்கறது கஷ்டம், அதோட அந்த மேட்டர் முடிஞ்சிச்சி. ஆளத் தூக்கி அடிக்கறது வேற ஒண்ணு: அங்க உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

நம்ம காந்தி ரோடுல ஒரு பெங்காலி பெரியவர் கைல சிஎம்சி ஆஸ்பத்திரி ஃபைலோட முழிச்சிகினு நின்னா ஆட்டோக்காரர்ல இருந்து லாட்ஜ்காரர் வரைக்கும் தெரிஞ்ச அரைகொறை ஹிந்தில எங்க போணும்னு கேட்டுடுவாங்க. அங்க நீங்க ரெண்டு பெட்டிய வச்சிகினு பிளாட்பாரத்துல திருதிருன்னு நின்னா நெறைய பேரு ஒதுங்கி போய்கினே இருப்பாங்க. வெறுப்பு எல்லாம் கெடையாது, அடுத்தவன் விஷயத்துல தலையிடக்கூடாதுன்றது அவங்க மரியாதை. நீங்களா போய் கேட்டா நின்னு பொறுமையா சொல்லுவாங்க, சில பேரு லிஃப்ட் வரைக்கும் கூட வந்து காட்டிட்டு போவாங்க. அதனால கூச்சத்த காட்பாடி ஸ்டேஷன்லயே எறக்கி வச்சிடுங்க.

பெட்டி கட்டும்போது பெரியம்மா ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா வச்சி அனுப்புவாங்க, எவ்ளோ கெஞ்சினாலும் வேணாம்னு சொல்லிடுங்க. பால், கறி சேர்ந்த சாமான நம்ம ஊர்ல இருந்து போற பயணிங்க ஐரோப்பிய யூனியனுக்குள்ள எடுத்துகினு போகக்கூடாது, கோவா, நெய், மட்டன் ஊறுகா எல்லாம் அதுல அடங்கும். பச்ச கறிவேப்பில, எலவம்பாடி முள்ளு கத்திரிக்கா மாதிரி ஐட்டத்துக்கு பூச்சி, நோய் இல்லன்னு அரசாங்கம் குடுக்கற செடி சர்டிபிகேட் கேப்பாங்க, தேங்கா, வாழப்பழம் மாதிரி சிலதுக்குதான் விலக்கு. பருப்புப்பொடி, மொளகாத்தூள், புளி, ஒரு குக்கர், போதும்.

போய் சேர்ற நாள் சனிக்கிழம ராத்திரியா இருந்தா அந்த பருப்புப்பொடிதான் சாமி. ஞாயித்துக்கிழம சூப்பர் மார்க்கெட் எல்லாம் சாத்திடுவாங்க, பெரிய ரயில்வே ஸ்டேஷன் மாதிரி சில எடத்துல இருக்கற கடைங்கதான் தெறந்திருக்கும். ஞாயித்துக்கிழம இன்னொரு விஷயம், மிக்ஸி ஓட்டறது, செவுத்துல ஆணி அடிக்கறது எதுவும் வேணாம், அன்னைக்கு முழுக்க அமைதி நேரம். தெனமும் ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் அதே ரூல். சட்னிய சாயங்காலமே அரைச்சி வச்சிக்கோங்க.

ட்ரெயின், ட்ராம்ல கண்டக்டர் விசிலடிச்சி "டிக்கெட் டிக்கெட்"னு வரமாட்டாரு, நெறைய ஸ்டேஷன்ல கேட்டும் கெடையாது, ஃப்ரீன்னு நெனச்சி ஏறினீங்க, சாதா டிரெஸ்ல ரெண்டு பேரு வந்து 60 யூரோ தீட்டிடுவாங்க. சில ஊர்ல டிக்கெட் வாங்கினா மட்டும் பத்தாது, மெஷின்ல விட்டு முத்திரை குத்தணும், இல்லன்னா அதுவும் டிக்கெட் இல்லாத கணக்குதான்.

குழாத்தண்ணிய அப்டியே குடிக்கலாம், கேன் எல்லாம் தேடாதீங்க. ஒரு வாட்டி மட்டும் யூஸ் பண்ற பிளாஸ்டிக் பாட்டில்ல வாங்கினா விலையோட 25 சென்ட் டெபாசிட் சேத்து வாங்குவாங்க, காலி பாட்டில நசுக்காம சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா சீட்டு வரும், அத கவுன்டர்ல குடுத்தா காசு.

இப்ப முக்கியமான மேட்டர். ரூமுக்கு குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அந்த ஊர் ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும், அதுக்கு ஹவுஸ் ஓனர் கையெழுத்து போட்ட பேப்பர் வேணும், அப்பாயின்ட்மென்ட் பெரிய ஊர்ல சீக்கிரம் கெடைக்காது, அதனால ரூம் உறுதியான உடனே ஆன்லைன்ல பாக்க ஆரம்பிச்சிடுங்க. அதுக்கப்பறம் டேக்ஸ் நம்பர், பேங்க் கார்டு எல்லாம் தபால்லதான் வரும். பெரும்பாலான அபார்ட்மென்ட்ல நம்ம சத்துவாச்சாரி மாதிரி "ரெண்டாவது மாடி, கதவு நம்பர் 4" கணக்கு கெடையாது, காலிங் பெல்லுலயும் தபால் பெட்டிலயும் ஒட்டியிருக்கற பேரப் பாத்துதான் போஸ்ட்மேன் போடுவாரு. உங்க பேரு இல்லன்னா லெட்டர் திரும்பிப் போய்டும், யாரும் "இங்க புதுசா ஒரு பையன் வந்தானே"ன்னு விசாரிக்க மாட்டாங்க. அதுல நம்ம பேரு வேற ஒரு கூத்து, பாஸ்போர்ட்ல இனிஷியல் விரிஞ்சி அப்பா பேரு சர்நேம் ஆகிருக்கும், தபால் எல்லாம் அப்பா பேருக்குதான் வரும். அதனால ரெண்டு பேரையும் பாஸ்போர்ட்ல இருக்கற ஸ்பெல்லிங்லயே எழுதி வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு மொத நாளே ஒட்டிடுங்க.

சாப்பாட்டு விஷயத்துல வெக்கப்பட்டா பட்டினிதான். ஃப்ளாட்மேட் கேக் வெட்டி "வேணுமா"ன்னு கேப்பாரு, நம்ம பழக்கத்துல "இல்ல இல்ல பரவால்ல"ன்னு சொல்லுவோம், சரின்னு தட்ட எடுத்துகினு போய்டுவாரு. நம்ம வீடு மாதிரி மூணு வாட்டி வற்புறுத்தறது அங்க கெடையாது. வேணும்னா மொத வாட்டியே வேணும்னு சொல்லிடுங்க.

நவம்பர்தான் பேஜார். டிசம்பர் வந்தா சாயங்காலம் நாலு, நாலரைக்கே இருட்டிடும், அக்னி நட்சத்திரத்துல வெந்து வளந்த ஒடம்புக்கு அது சுத்தமா புரியாது. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழம கடிகாரத்த மாத்திட்டா நமக்கும் அவங்களுக்கும் நாலரை மணி வித்தியாசம், நீங்க ஆறு மணிக்கு ரூமுக்கு வந்து போன் எடுத்தா இங்க பத்தரை, நைனா தூங்கியிருப்பாரு. மத்தியானம் ஒரு மணி பிரேக்ல போட்டீங்கன்னா இங்க அஞ்சரை, அம்மா டீயோட ஒக்காந்திருப்பாங்க, சாவகாசமா பேசலாம். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை போய்ட்டு வாங்க, யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ்ல பேரு குடுங்க, நாலு மொகம் பழக்கமாகறது அங்கதான்.

பழகறதுக்கு அவங்க டைம் எடுப்பாங்க. யாராவது வீட்டுக்கு கூப்டா பெரிய விஷயம்னு வச்சிக்கோங்க, ஏழு மணின்னா ஏழு மணிக்கே போங்க, ஒரு சாக்லேட்டோ பூவோ எடுத்துகினு போங்க, ஷூவ கழட்டணுமான்னு வாசல்லயே கேளுங்க. அப்பறம் ரூம்மேட்ட கூட கூட்டிகினு போய் நிக்காதீங்க, அவங்க எண்ணிதான் தட்டு வச்சிருப்பாங்க.