ஒரே கிளாஸ்ல முப்பது விதமான பிள்ளைங்க, எப்படி பாடம் நடத்துறது?

புதுசா வேலைக்கு வந்த டீச்சருங்க என்கிட்ட கேக்குறது இதுதான், மூணாங்கிளாஸ்ல ஒருத்தன் பேப்பரே படிக்கிறான், பக்கத்துல இருக்குறவன் இன்னும் எழுத்து கூட்டுறான், இன்னொரு பிள்ளைக்கு தமிழே தெரியாது, இதுல யாருக்குன்னு பாடம் எடுக்குறது? நான் திருப்பூர் பக்கம் தொடக்கப்பள்ளி டீச்சர், எனக்கு கைகொடுத்ததை சொல்றேன்.

முதல் ரெண்டு வாரம் போர்ஷன் முடிக்குற கவலையை விட்டுட்டு பிள்ளைங்கள கவனிங்க. என் கிளாஸ்ல ஒரு பையன் போர்டைப் பாக்காம எப்பவும் பக்கத்து நோட்டைப் பாத்துதான் எழுதுவான், காப்பி அடிக்கிறான்னு நான் ரெண்டு மாசம் திட்டியிருக்கேன், கண் பரிசோதனைக்கு வந்தப்பதான் அவனுக்கு தூரத்துல இருக்குறது தெரியலைன்னே தெரிஞ்சுது. கண்ணாடி போட்டுட்டு வந்த அன்னைக்கு "டீச்சர், நீங்க போர்டு மூலையில தேதி எழுதுவீங்களா?"ன்னு கேட்டான், எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதனால "இவன் படிக்க மாட்டான்"னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி கண்ணு, காது, காலையில சாப்பிட்டானா, இந்த மூணையும் பாத்துடுங்க. போர்டுப் பக்கம் திரும்பிக்கிட்டே பேசாதீங்க, காது மந்தமா இருக்குற பிள்ளை நம்ம வாயசைவைப் பாத்துதான் புரிஞ்சுக்கும். இடது கையில எழுதுற பிள்ளைய அப்படியே விட்டுடுங்க.

அடுத்தது மொழி. இங்க பனியன் கம்பெனி வேலைக்கு பீகார், ஒடிசாவுல இருந்து வந்தவங்க பிள்ளைங்க நிறைய. ஒரு பொண்ணு மூணு மாசம் வாயே திறக்கல, ஆனா கணக்கு நோட்டைப் பாத்தா எல்லாம் சரியா இருந்துச்சு, அவ இந்தியில எண்ணி விடையை மட்டும் எழுதியிருக்கா. அதைத் தடுக்காதீங்க. இந்தியில 29ஐ 'உன்தீஸ்'னு சொல்வாங்க, அதுல இருபதும் தெரியாது ஒன்பதும் தெரியாது, நம்ம 'இருபத்தொன்பது'ல ரெண்டுமே காதுல விழுது, இதை கல்லு வச்சு ஒருதடவை காட்டினதும் அந்தப் பொண்ணு நூறு வரைக்கும் தமிழ்ல அவளே சொல்லிட்டா. பேச்சு பழக நம்மள விட பக்கத்துல உக்காந்திருக்குற பிள்ளைதான் நல்ல டீச்சர், அதனால நல்லா வாயாடுற பிள்ளையா பாத்து பக்கத்துல உக்கார வைங்க.

பாடத்துக்கு வருவோம். ஆளுக்கொரு பாடம் தயார் பண்ண யாராலயும் முடியாது, தேவையும் இல்ல. கதை ஒண்ணுதான், வேலை மட்டும் வேற வேற. காக்கா வடை கதையை எல்லாருக்கும் சொல்லிட்டு, ஒரு குரூப்பை அதுல 'கா' வர்ற வார்த்தைக்கு வட்டம் போடச் சொல்லுங்க, இன்னொரு குரூப் சத்தமா படிக்கட்டும், மத்தவங்க வடை போனதுக்கு அப்புறம் காக்கா என்ன பண்ணுச்சுன்னு எழுதட்டும். 2022ல வந்த தமிழ்நாடு அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளைங்க படிக்கிற நிலையை வச்சு அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு (நடு நிலை), மலர் (கிளாஸுக்கு ஏத்த நிலை)னு பிரிச்சதும் இதுக்குத்தான். ஆனா ஒண்ணு, ஒருதடவை அரும்புல போட்ட பிள்ளைய வருஷம் முழுக்க அங்கயே வச்சிடாதீங்க, கணக்குல மலரா இருக்குற பிள்ளை தமிழ்ல அரும்பா இருக்கும், மாசம் ஒருக்கா கலைச்சுப் போடுங்க.

நல்லா பேசுற பிள்ளை எழுத்துல மட்டும் திணறுனா சோம்பேறின்னு சொல்லாதீங்க. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னாடி வருது, சத்தம் பின்னாடி வருது, எல்லா பிள்ளைக்குமே கொஞ்ச நாள் குழம்பும், வருஷக்கணக்கா போகலைன்னா வட்டார வள மையத்துல இருக்குற சிறப்பாசிரியர்கிட்ட காட்டுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்குற 21 வகையில கற்றல் குறைபாடும் ஒண்ணு, சான்றிதழ் இருந்தா பத்தாவது பரிட்சையில கூடுதல் நேரம் கேக்கலாம், ஆனா சான்றிதழ் வாங்க நாளாகும், கடைசி வருஷம் ஓடாதீங்க.

இது ரொம்ப முக்கியம், ஸ்காலர்ஷிப் லிஸ்ட் எடுக்க "எஸ்சி பிள்ளைங்க எந்திரிங்க"ன்னு கிளாஸ்ல தயவுசெஞ்சு கேக்காதீங்க, விவரம் எல்லாம் எமிஸ்ல (பிள்ளைங்க விவரத்தைப் பதியுற பள்ளிக்கல்வித்துறை வெப்சைட்) இருக்கு, அங்க பாத்துக்கலாம். கிளாஸைப் பெருக்க, தண்ணி எடுத்து வைக்க எப்பவும் அதே ரெண்டு பேரைக் கூப்பிடாம ரோல் நம்பர் வரிசையில பையன் பொண்ணுன்னு பாக்காம எல்லாரையும் விடுங்க, கழிவறை கழுவ மட்டும் எந்தப் பிள்ளையையும் அனுப்பவே கூடாது.